ஓர் ‘அ’ குறைந்தபோது

சென்ற வாரம் இந்த உரையை வானொலியில் வாசித்து முடித்துக் கலையகத்தை விட்டு வெளியே வந்தேன். ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர் எழுந்து நின்று, “சேர், அந்த இரண்டு வசனத்தையும் ஒரே மாதிரித்தானே வாசிச்சீங்கள்? வித்தியாசம் எங்கை இருக்குது?” என்று கேட்டார்.

அவரில் பிழை சொல்ல முடியாது. நான் வாசித்த இரு வசனங்களுக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஒரேயொரு சின்ன ஒலிதான். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து அது. தனியே சொல்லும்போது ‘ஏ’ என்கிறோம். வசனத்துக்குள் வந்துவிட்டால் அது தன் நீளத்தையெல்லாம் இழந்து, வாய் பாதி திறந்து மூடுவதற்குள் ‘அ’ என்று ஒலித்து மறைந்துவிடுகிறது. நேயர்களின் காது அதைத் தவறவிட்டால் அதிசயமில்லை. அச்சில் அந்தக் கஷ்டம் இல்லை. ஆகவே வானொலியில் சொன்னதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

மட்டக்களப்பு நேயர் ஒருவர் எழுதிய கடிதமே இவ்வுரைக்குக் காரணம். அவர் தமிழ்ச் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். மூலத்தில் ‘சிலர்’ என்று வரும் இடத்தில் ‘ஃபியூ’ என்று போடுவதா, ‘அ ஃபியூ’ என்று போடுவதா? ‘கொஞ்சம்’ என்று வரும் இடத்தில் ‘லிற்றில்’ என்பதா, ‘அ லிற்றில்’ என்பதா? இரண்டும் ஒன்றுதானே, ஒன்றில் ஓரெழுத்து மிச்சம் என்பது அவருடைய எண்ணம். இலக்கிய நிகழ்ச்சியில் ஆங்கில இலக்கணமா என்று சில நேயர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். சிலரே சுளிப்பார்கள் என்று நம்புகிறேன். (இந்த இரு வசனங்களையும் மனத்தில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.)

அந்த நேயரின் எண்ணம் ஒரு காலத்தில் என்னுடைய எண்ணமாகவும் இருந்தது. அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தமிழ் நூல்களை ஆங்கில வாசகருக்கு அறிமுகஞ்செய்ய வேண்டும் என்ற ஆவேசம். ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் நூல் மதிப்புரை எழுத இடம் கிடைத்தது. முதன்முதலாக நான் எடுத்துக்கொண்டது எங்கள் ஊரவரான ஓர் எழுத்தாளரின் சிறுகதைத் தொகுதி. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரே அவரை ‘மாஸ்ரர்’ என்றுதான் அழைக்கும். ஓய்வூதியப் பணத்தைப் போட்டு அச்சிட்ட புத்தகம். பன்னிரண்டு கதைகள். எல்லாக் கதைகளும் எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் சில கதைகள் உண்மையிலேயே என்னை உலுக்கின. அதைத்தான் எழுதினேன், அல்லது எழுதியதாக நினைத்துக்கொண்டேன். ‘தெயர் ஆர் ஃபியூ குட் ஸ்ரோரீஸ் இன் திஸ் கலெக்‌ஷன்.’ இத்தொகுதியில் சில நல்ல கதைகள் இருக்கின்றன.

மதிப்புரை வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையும் கையுமாக மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். பாராட்டு வாங்கலாம் என்ற நினைப்பு. அவர் முன்னமே வாசித்திருந்தார். ‘வாரும்’ என்றும் சொல்லவில்லை, ‘இரும்’ என்றும் சொல்லவில்லை.

“தம்பி, என்ரை புத்தகத்திலை நல்ல கதை இல்லையெண்டு எழுதிப்போட்டீர். அது உம்மடை அபிப்பிராயம், சரி. பிறகேன் என்னட்டை வந்தனீர்?”

“ஐயோ மாஸ்ரர், சில நல்ல கதையள் இருக்கெண்டெல்லோ நான் எழுதினனான்!”

“நீர் நினைச்சது எனக்குத் தெரியாது. உம்மடை இங்கிலீசு அப்பிடிச் சொல்லேல்லை.”

அவர் ஆங்கிலமும் படிப்பித்தவர். என் கையில் இருந்த பத்திரிகையை வாங்கினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ‘ஃபியூ’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கூரைக் குறி போட்டு, மேலே ஓர் ‘ஏ’ எழுதிக் காட்டினார். “இது இருந்தால் நீர் சொல்லுறது. இது இல்லாட்டி, ‘நல்ல கதையெண்டு சொல்ல இதிலை ஒண்டுமில்லையெண்ட மாதிரித்தான்’ எண்டு கருத்து.”

மறுநாள் பத்திரிகைக் காரியாலயத்துக்கு ஓடினேன். திருத்தம் போடவேண்டும் என்று கேட்டேன். பக்கத்துக்குப் பொறுப்பான உதவி ஆசிரியர் என் வசனத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, “இதில் பிழை ஒன்றும் இல்லையே, எதைத் திருத்துவது?” என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். எழுத்துப்பிழை என்றால் ஒப்புநோக்குபவர் கண்ணில் படும். எழுவாயும் பயனிலையும் முரண்பட்டால் பள்ளி மாணவனும் பிடிப்பான். இதுவோ இலக்கண சுத்தமான வசனம். என்னுடைய கருத்துக்கு நேர்மாறான கருத்தைப் பிழையில்லாமல் சொல்கிற வசனம். இந்தச் சிறுசொற்களின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ‘அ’வை விட்டால் வசனம் பிழைப்பதில்லை. அபிப்பிராயம் மாறிவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பொருள்களுக்கு ஒரு சொல், எண்ணமுடியாதவற்றுக்கு வேறொரு சொல். புத்தகம், ஆள், நாள், கதை ஆகியன எண்ணக்கூடியவை. அவற்றுக்கு ‘ஃபியூ’. தண்ணீர், பணம், நேரம், நம்பிக்கை, பொறுமை ஆகியவற்றை அளக்கலாமே தவிர எண்ணமுடியாது. அவற்றுக்கு ‘லிற்றில்’. (பணத்தை எண்ணுகிறோமே என்று கேட்பவர்களுக்கு: எண்ணுவது ரூபாயை. பணம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒரு பணம், இரண்டு பணம் என்று சொல்வதில்லை.) இந்தப் பாகுபாடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது, எல்லோரும் படித்ததுதான். ஆனாலும் தமிழர்கள் இதில் அடிக்கடி சறுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுடைய பேச்சில் ‘கொஞ்சம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. கொஞ்சத் தண்ணி தாருங்கோ என்கிறோம். கூட்டத்துக்குக் கொஞ்சப் பேர் வந்தவை என்றும் சொல்கிறோம். அந்தக் கொஞ்சப் பேரை அப்படியே ‘லிற்றில் பீப்பிள்’ என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால், கேட்கும் ஆங்கிலேயர் கூட்டத்துக்குக் குள்ளர்கள் வந்தார்கள் என்று விளங்கிக்கொள்வார்.

ஏனென்றால், எண்ணக்கூடிய பெயருக்கு முன்னால் வந்தால் ‘லிற்றில்’ அளவைக் குறிப்பதில்லை, உருவத்தின் சிறுமையைக் குறிக்கிறது. லூயிசா மே ஆல்கொற் 1868இல் வெளியிட்ட ‘லிற்றில் விமன்’ நாவலின் தலைப்பைக் ‘கொஞ்சப் பெண்கள்’ என்று யாரும் பெயர்ப்பதில்லை அல்லவா? இலக்கிய அன்பர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், சிறுசஞ்சிகை. ஆங்கிலத்தில் அது ‘லிற்றில் மகசீன்’. 1914இல் சிக்காகோவில் மார்கிரட் அன்டர்சன் தொடங்கிய ஒரு சஞ்சிகைக்குப் பெயரே ‘லிற்றில் றிவியூ’ என்பது. ஜேம்ஸ் ஜொய்ஸின் ‘யுலிசீஸ்’ நாவலை 1918 முதல் 1920 வரை தொடராக வெளியிட்டு நீதிமன்றம் வரை போனது அதுதான். இப்போது இரண்டு சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். ‘ஃபியூ லிற்றில் மகசீன்ஸ்’ நீண்டகாலம் வாழ்ந்தன என்றால், சிறுசஞ்சிகைகளில் நீடித்து வாழ்ந்தவை இல்லையென்றே சொல்லலாம் என்ற பெருமூச்சு. ‘அ ஃபியூ லிற்றில் மகசீன்ஸ்’ என்றால், நீடித்து வாழ்ந்தவையும் உண்டு என்ற நிமிர்வு. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்தது. அதை நினைத்துக்கொண்டு எழுதுபவர் அந்த ‘அ’வை மறக்கக்கூடாது.

ஆக, ‘அ’ சேர்ந்தால் ‘உண்டு’ என்ற பக்கம் நின்று பார்க்கிறோம். ‘அ’ இல்லாவிட்டால் ‘இல்லை’ என்ற பக்கம் நின்று பார்க்கிறோம். எண்ணிக்கை மாறவில்லை. பார்க்கும் இடம் மாறுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, ‘இல்லையா?’ என்று வால்போல ஒரு கேள்வியை ஒட்டுவார்கள். செய்தி உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறையாக இருக்கும். செய்தி எதிர்மறையென்றால் வால் உடன்பாடாகும். ‘அ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் அதற்கு ஒட்டும் வால் ‘டின்ற் தே?’ வெறும் ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் ‘டிட் தே?’ அதாவது, யாரும் வரவில்லை என்று சொன்னால் எந்த வால் ஒட்டுமோ அதே வால்! மொழி தன்னையறியாமலே ‘ஃபியூ’வை இல்லை என்ற சொல்லோடு சேர்த்து வைத்திருக்கிறது. (நாங்கள் எதற்கும் ‘இஸின்ற் இற்?’ என்ற ஒரே வாலையே ஒட்டிப் பழகிவிட்டதால் இந்தச் சோதனை எங்களுக்குக் கைகொடுப்பதில்லை. அது வேறு கதை.) ‘ஃபியூ’ என்ற சொல்லின் பூர்வீகத்திலும் இந்த இல்லாமை இருக்கிறது. லத்தீனில் சிலவற்றைக் குறிக்கும் ‘பௌகுஸ்’ அதற்கு உறவு. வறுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே.

தமிழில் இப்படி ஒரு நுட்பம் இல்லை, அதனால்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னே மனத்தில் வைத்திருக்கச் சொன்ன இரு வசனங்களை இப்போது எடுங்கள். ‘சில நேயர்கள் முகஞ்சுளிக்கக்கூடும்.’ ‘சிலரே சுளிப்பார்கள்.’ முதலாவதில் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதில் சுளிப்பவர்கள் அனேகமாக இல்லை. ஆங்கிலம் ஓர் எழுத்தை எடுத்துவிட்டுச் செய்யும் வேலையைத் தமிழ் ஓர் எழுத்தைச் சேர்த்துச் செய்கிறது. அந்த எழுத்து ஏகாரம். பவணந்தி முனிவர் நன்னூலில் ஏகார இடைச்சொல்லுக்கு ஆறு பொருள் சொல்கிறார். அவற்றுள் ஒன்று பிரிநிலை. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து, இது மட்டும், மற்றவை அல்ல என்று காட்டுவது. ‘சிலரே’ என்னும்போது மற்றப் பலரை விலக்கி வைத்துவிடுகிறோம். பேச்சிலே இதையே ‘கொஞ்சப் பேர்தான்’ என்கிறோம். ஆகவே ‘சிலர் வந்தனர்’ என்பது ‘அ ஃபியூ’. ‘சிலரே வந்தனர்’ என்பது ‘ஃபியூ’. தமிழ் மூலத்தில் ஏகாரமோ ‘தான்’ என்பதோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மட்டக்களப்பு நேயரின் சந்தேகத்தில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

ஒரு பொறி இருக்கிறது, எச்சரிக்கை. ‘அ’ என்பதற்கு ‘ஒரு’ என்றுதானே பொருள், ஆகவே ‘அ ஃபியூ’ என்றால் ‘ஒருசிலர்’ என்று சொல்லுக்குச் சொல் பொருத்தி விடாதீர்கள். நானும் பொருத்தியிருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தமிழில் ‘ஒருசிலர்’ என்று எழுதும்போது பெரும்பாலும் ‘சிலர்’ என்பதிலும் குறைவான தொகையையே நினைக்கிறோம். ‘ஒருசிலரைத் தவிர எல்லோரும் போய்விட்டனர்’ என்ற வசனத்தில் மண்டபம் வெறுமையாகத்தான் தெரிகிறது. ஆங்கிலத்து ‘அ’ இருப்பைக் கூட்டுகிறது. தமிழின் ‘ஒரு’ அதைக் குறைக்கிறது. உருவத்தில் ஒற்றுமை, குணத்தில் எதிர்.

மூன்றாவது ஒரு வடிவமும் உண்டு. அது ‘த ஃபியூ’, ‘த லிற்றில்’. இதை மட்டக்களப்பு நேயர் கேட்கவில்லை. ஆனால் எங்கள் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஒருவருக்கு இதுவே அதிகம் தேவைப்படும் என்பேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓர் இரவில் ஊரோடு பெயர்ந்தார்கள். அந்த இரவை வைத்து எழுதப்படும் கதைகளில் ‘கையில் இருந்த கொஞ்ச நகையையும் எடுத்துக்கொண்டு’ என்பது போன்ற தொடர் வராமல் இருக்காது. இதை எப்படிப் பெயர்ப்பது? ‘அ லிற்றில் ஜுவெலறி’ எடுத்துக்கொண்டாள் என்றால், இருந்த நகையில் கொஞ்சத்தை எடுத்தாள், மிச்சம் பெட்டகத்தில் இருக்கிறது என்றாகிவிடும். வெறும் ‘லிற்றில் ஜுவெலறி’ என்றால், அவள் நகையில் அக்கறை காட்டவில்லை, மற்றச் சாமான்களைத்தான் எடுத்தாள் என்ற தொனி வந்துவிடும். இரண்டும் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். அவளிடம் இருந்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சம் முழுவதையும் எடுத்தாள். ‘த லிற்றில் ஜுவெலறி ஷி ஹாட்’ என்றால்தான் அந்த இரண்டும் சேர்ந்து வரும். ‘வற் லிற்றில் ஜுவெலறி ஷி ஹாட்’ என்றும் சொல்லலாம். அது இன்னும் உருக்கமானது. தமிழில் இந்த வேலையைச் செய்வது எது என்று பாருங்கள். ‘நகையையும்’ என்பதன் ஈற்றில் நிற்கும் உம். நன்னூலார் உம்மைக்குச் சொன்ன எட்டுப் பொருளில் முற்று என்பதும் ஒன்று. மீதி வைக்காத உம்.

ஆகவே ‘சிலர்’, ‘சிலரே’, ‘இருந்த சிலரும்’ என்று தமிழ் மூன்று படி வைத்திருக்கிறது. ‘அ ஃபியூ’, ‘ஃபியூ’, ‘த ஃபியூ’ என்று ஆங்கிலமும் மூன்று படி வைத்திருக்கிறது. தமிழ் சொல்லின் வாலில் வைப்பதை ஆங்கிலம் தலையில் வைக்கிறது.

‘த ஃபியூ’ என்பது தனியே நின்று ஒரு பட்டமாகவும் ஆகியிருக்கிறது. 1940ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி வின்ஸ்ரன் சேர்ச்சில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையில், போர்களின் வரலாற்றில் இத்தனை பேர் இத்தனை சிலருக்கு இத்தனை கடன்பட்டதில்லை என்ற கருத்துப்பட விமானப்படை வீரர்களைப் புகழ்ந்தார். அன்று முதல் பிரித்தானிய வான்சமரில் பறந்த ஏறத்தாழ 3000 வீரர்களுக்கும் ‘த ஃபியூ’ என்பதே பெயராயிற்று. எண்ணிக்கையின் குறைவு அங்கே இழிவன்று, பெருமை. இந்தச் சொல் எந்தப் பக்கமும் சாயக்கூடியது என்பதற்காகச் சொன்னேன்.

‘லிற்றில்’ பெயருக்கு முன்னால் மட்டும் வருவதில்லை. ‘பெற்றர்’ போன்ற சொற்களுக்கு முன்னாலும் வரும். அங்கே ‘அ’வின் பெறுமதி இன்னும் கூடுகிறது. தந்தி அனுப்பிய காலத்தை எண்ணிப் பாருங்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. ஊரிலிருந்து கொழும்பில் வேலைபார்க்கும் மகனுக்குத் தகப்பனின் சுகத்தை அறிவிக்க வேண்டும். ‘ஃபாதர் அ லிற்றில் பெற்றர்.’ அப்பாவுக்குக் கொஞ்சம் சுகம். படிவத்தை நிரப்புபவர் காசை மிச்சம் பிடிக்க எதை வெட்டுவார்? ஓரெழுத்துச் சொல்லைத்தான். வெட்டியதும் ‘ஃபாதர் லிற்றில் பெற்றர்’ என்றாகிறது. அப்பாவுக்குச் சுகம் என்று சொல்லும்படியாக இல்லை! ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மகன் அன்றிரவே மெயில் வண்டி ஏறிவிடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன் நிம்மதியாகத் தூங்குவான். பத்திரிகைத் தலைப்புகளிலும் இடம் போதாமையால் ‘அ’வைக் கழித்துவிடும் வழக்கம் உண்டு. அந்தத் தலைப்புகளை வாசித்தே ஆங்கிலம் வளர்த்தவர்களுக்கு, ‘அ’ என்பது வேண்டுமானால் போடலாம், வேண்டாவிட்டால் விடலாம் என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. எனக்கு ஊறியதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். நாவல்களில் ‘லிற்றில் டிட் ஹி நோ’ என்ற தொடக்கத்தோடு வசனங்கள் வரும். ‘அவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது’ என்று இதைப் பெயர்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன். கதையே கவிழ்ந்துவிடும். அவனுக்கு எள்ளளவும் தெரியாது என்பதே பொருள். ‘எள்ளளவும்’, ‘இம்மியும்’, ‘அணுவளவும்’ என்று இதற்கு எங்களிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு ‘முந்திரி’ என்று பெயர் வைத்த சமூகம் எங்களுடையது.

விதியை மீறி நிற்கும் சில தொடர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. ‘ஒன்லி அ ஃபியூ’ என்பதில் ‘அ’ இருந்தும் பொருள் ‘சிலரே’ என்பதுதான். ‘ஒன்லி’ என்ற சொல் ஏகாரத்தின் வேலையை எடுத்துக்கொண்டது. ‘குவைற் அ ஃபியூ’ என்பதோ பெரிய வேடிக்கை. ‘ஓரளவு சிலர்’ என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கணிசமான பேர், அனேகம் பேர் என்று கருத்து. ஆங்கிலேயர் ஒருவர் உங்கள் நூலைப் பற்றி, ‘குவைற் அ ஃபியூ’ பிழைகள் இருக்கின்றன என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். அவர் மரியாதையாகத் திட்டுகிறார்.

‘லெஸ்’, ‘ஃபியூவர்’ விவகாரத்தைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, மற்றவற்றுக்கு ‘லெஸ்’ என்பது இலக்கண ஆசிரியர்களின் கட்டளை. 1770இல் ரொபேட் பேக்கர் என்பவர் எண்ணிக்கைக்கு ‘ஃபியூவர்’ என்பதே நயமாக எனக்குப் படுகிறது என்ற அளவில்தான் எழுதினார். பின்வந்தவர்கள் அதை விதியாக்கினார்கள். அதற்கு எட்டுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய அல்பிரட் மன்னன் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கும் ‘லெஸ்’ வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ரெஸ்கோ கடைகளில், பத்துப் பொருளும் அதற்குக் குறைவும் வாங்குவோருக்கான வரிசையில் ‘லெஸ்’ என்று எழுதியிருந்ததைக் குறைசொல்லிக் குறைசொல்லி, 2008இல் ‘பத்துப் பொருள் வரை’ என்று பொருள்படும்படி பலகையை மாற்றுவித்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ‘லெஸ்’ என்றாலும் ‘ஃபியூவர்’ என்றாலும் கூடைக்குள் இருக்கும் பொருளின் தொகை ஒன்றுதான், கருத்தும் ஒன்றுதான். கருத்தை மாற்றாத இடத்தில் இவ்வளவு கூச்சல். கருத்தைத் தலைகீழாக்கும் அந்த ஓர் ‘அ’வுக்காகப் பலகை பிடிப்பாரைக் காணோம்.

மாஸ்ரரின் கதையை நடுவில் விட்டுவிட்டேன்.

திருத்தம் வரவில்லை. நான் அவர் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியால் திரிந்தேன். இரண்டு வாரம் கழித்து வாசிகசாலையில் எதிர்ப்பட்டார். தப்ப வழியில்லை. பக்கத்து வாங்கில் இருக்கச் சொன்னார்.

“ஏயைப் போட்டு எழுதத்தான் நினைச்சனீர் எண்டு நம்புறன். சரி, அந்தச் சில கதை எவை? சொல்லும் பாப்பம்.”

நான் சொன்னேன். தண்டவாளத்தில் படுத்துக்கிடந்த பைத்தியக்காரனைப் பற்றியது ஒன்று. கிணறு வெட்டும் கதை ஒன்று. இன்னொன்று, மற்றுமொன்று. நாலோடு நின்றுவிட்டேன். ஐந்தாவது கதை ஒன்றை மனத்துக்குள் தேடினேன், அகப்படவில்லை.

அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “பன்னிரண்டிலை நாலு” என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். “நாலு எண்டால், தம்பி, ஏயோடை எழுதினாலும் எழுதலாம், ஏயில்லாமல் எழுதினாலும் எழுதலாம். கதை எழுதினவனுக்கு நாலு இருக்குது. புத்தகத்தைக் காசு குடுத்து வாங்கினவனுக்கு நாலுதான் இருக்குது.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் சால்வைக்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து என்னிடம் தந்தார். என் மதிப்புரைதான். ‘ஃபியூ’வுக்கு முன்னால் அவர் அன்று எழுதிய ‘ஏ’ அப்படியே இருந்தது.

“பென்சிலாலைதான் எழுதியிருக்கிறன். வேண்டாமெண்டால் அழிச்சுப்போடும்.”

அந்தத் துண்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது. ‘ஏ’ மங்கலாகத் தெரிகிறது.